மர்யமுக்கு நான் எடுத்துக் கொடுத்த தோட்டா

வெயிலில் காய்ந்த மணல் வாசனையும் கருகிய வெடிமருந்து வாசனையும் சேர்ந்தால் தொண்டையில் ஒரு கசப்பு இறங்கும்... அமீரகத்தின் அல் ஐனில் இருந்த நான்கு வருஷமும் அந்தக் கசப்போடுதான் சோறு சாப்பிட்டேன்.

நான் வேட்டைச் சாமான் கடையில் வேலை பார்த்தவன் என்றால் இங்கே பலர் நம்ப மாட்டார்கள். முதலில் ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து என்னை, விசா கொடுத்த முதலாளியான கஃபீல், அல் ஐனில் இருந்த தன்னுடைய இந்தக் கடைக்கு மாற்றிவிட்டார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். கவுண்டரில் தோட்டா எடுத்துக் கொடுப்பது, கடைக்குப் பின்னால் இருந்த ரேஞ்சில் சுட்டுப் பழகுகிறவர்களுக்குக் காகிதக் குறி மாட்டுவது... இதுதான் டியூட்டி.

மேனேஜர் ராகவன் சார் சென்னைக்காரர். குடும்பத்தோடு இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் கஃபீலின் சிநேகிதர் ஒருவர் தன் மகளோடு வந்தார். பெயர் மர்யம், பன்னிரண்டு வயது. குளிர்கால லீவில் அப்பாவோடு வெளிநாட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறாள். ஏற்கெனவே அப்பாவின் பன்னிரண்டு போர் என்கிற பெரிய குழல் துப்பாக்கியால் ஒரு தடவை சுட்டுத் தோள் கன்றிப்போயிருந்தது. அதிலிருந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.

வீட்டு டிரைவரிடம் கற்றுக்கொண்ட இந்தியில், அண்ணன் என்கிற அர்த்தத்தில் என்னைப் பையா என்று கூப்பிட்டு அவளே சொன்னாள்.

"பையா, சத்தம் எனக்குப் பயமில்ல. அது உதைக்குது பாருங்க, அதுதான் பயம்."

அந்தப் பெண்ணுக்கு நல்லதாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. அதைவிடச் சின்னக் குழலான இருபது போரில் கொஞ்சம் கனமான துப்பாக்கியாக எடுத்தேன். கனம் கூடினால் உதை குறையும். துப்பாக்கிக் கட்டையை அவள் கைக்கு அளந்து வெட்டி, தோளில் படும் முனையில் ரப்பர் வைத்தோம். மிச்சம் இருந்தது தோட்டா. மானுக்குச் சின்னச் சின்னக் குண்டு உதவாது, ஒற்றைக் குண்டு வேண்டும். உதை குறைந்த ரகம் என்று ஐந்து கம்பெனிகளின் பெட்டிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை ரேஞ்ச் காலியாக இருந்தபோது ஐந்தையும் நானே சுட்டுப் பார்த்தேன். தோள் வீங்கிவிட்டது. ரூமில் என்னோடு தங்கியிருந்த செல்வம் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினான்.

"யாரோ அர்பாப் முதலாளி பொண்ணுக்கு நீ ஏன்டா அடி வாங்கிட்டு வர்ற?"

நான் சிரித்தேன். உண்மையில் பெருமையாக இருந்தது.

நான்காவது பெட்டிதான் மிருதுவாக இருந்தது. ஆனால் அதில் மருந்து குறைவு. ஐம்பது மீட்டர் தாண்டினால் குண்டு தாழ்ந்து, வேகம் செத்துவிடும். மான் சாகாது, காயம்தான் படும்.

ராகவன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"குமாரு, மெதுவா இருக்கும்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல பாடம் எடுக்காத. கஃபீலோட ஃப்ரெண்டுப்பா. குறை சொன்னா வேற கடைக்குப் போயிடுவார்."

மறுநாள் மர்யமிடம் மெதுவாக இருக்கும் என்று மட்டும் சொல்லி அந்த நான்காவது பெட்டியைக் கொடுத்தேன், சுட்டாள். முதல் மூன்று தடவையும் கண் மூடியிருந்தது. நான்காவதில் திறந்திருந்தது. குறியில் நடுவே ஓட்டை... துள்ளிக் குதித்தாள். அவள் அப்பா வேட்டைக்குப் போகும் ஊரிலும் இதையே வாங்கிக்கொள்வதற்காகப் பெட்டியின் மேல் மூடியைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மாஃபி முஷ்கில்?" என்று, பிரச்சினை ஏதும் இல்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"மாஃபி முஷ்கில்" என்றேன்.

மர்யம் விடவில்லை. "பையா, எவ்வளவு தூரத்துல மான் நின்னாலும் இது போகுமா?"

ராகவன் சார் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"போகும்" என்றேன்.

ஒரே வார்த்தை... பிழைப்புக்காகச் சொன்னேன் என்று எத்தனையோ வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

லீவு முடிந்து வந்தார்கள். அப்பாவுக்கு வாய்கொள்ளாத சந்தோஷம், கையில் ஒரு ஃபோட்டோ. மானின் கொம்புக்குப் பக்கத்தில் மர்யம் உட்கார்ந்திருந்தாள். அவர் ராகவன் சாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தனியாகக் கவுண்டருக்கு வந்தாள்.

"தூரத்துல நின்னுச்சு பையா. நீங்க போகும்னு சொன்னீங்கள்ல... சுட்டேன். வயித்துல பட்டுச்சு. காட்டுக்குள்ள ஓடிடுச்சு. மறுநாள் காலைலதான் கண்டுபிடிச்சோம்."

"செத்துக் கிடந்துச்சாம்மா?"

"இல்ல. என்னைப் பார்த்துச்சு."

அப்பாதான் முடித்து வைத்தாராம். கண்ணாடி அலமாரியில் இருந்த அந்தப் பெட்டியை விரலால் காட்டினாள்.

"எனக்கு மெதுவா இருக்கும்னு சொன்னீங்க. மானுக்கும் மெதுவாத்தான் இருக்கும்னு நீங்க சொல்லல."

எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அப்பா கூப்பிட்டார், போய்விட்டாள். அப்புறம் அவள் ரேஞ்சுக்கு வரவே இல்லை.

என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ராகவன் சார் அந்த ஃபோட்டோவை ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டினார். தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. படத்தில் அவள் சிரித்திருக்க மாட்டாள். அதைப் பார்த்து இன்னும் நான்கு அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே தோட்டாவைக் கேட்டு வந்தார்கள்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா?

இரண்டு பேரிடம் சொன்னேன். மற்ற இரண்டு பேர் வந்தபோது ராகவன் சார் பக்கத்தில் இருந்தார்.

ஊருக்கு வந்து பல வருஷமாகிறது. அறந்தாங்கியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் நான் டப்பாவை எடுக்கும் முன்பே பத்து வயதுப் பிள்ளைகூட ஃபோனைப் பார்த்து, "அங்கிள், இது மழைக்கு நிக்காதாமே" என்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மர்யமின் கையில் அப்போது ஃபோன் இல்லை. என்னைத்தான் கேட்டாள்.