பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆள்

இங்கே லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் யாரும் நிற்பதில்லை. ஐரோப்பாவுக்கு வந்து மூன்றாவது வருடம் நடக்கிறது, இன்னும் எனக்கு இது பழகவில்லை. கிடங்கின் பின்சுவரில் எண் எழுதிய கதவுகள் வரிசையாக இருக்கும். நமக்கு எந்தக் கதவு என்று போனில் செய்தி வரும். கண்ணாடியையும் கேமராவையும் பார்த்துக்கொண்டு நாமாகவே எடுத்துப் பொருத்த வேண்டும். இடித்தாலும் நாம்தான், இடிக்காவிட்டாலும் நாம்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் வாட்ச்மேன், லோடுமேன், டீ குடிக்க வந்தவர் என்று நாலு பேர் பின்னால் போய் நின்று ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். அவர்களை நம்பி எடுத்தால் வண்டி சுவரில்தான் போய் நிற்கும், அது வேறு விஷயம்.

வந்த புதிதில் ஜெர்மனியில் ஒரு கிடங்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கான்கிரீட் கட்டை இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. என் கால் தானாக அங்கே நடந்துவிட்டது. நம்மூர் வழக்கப்படி பின்பக்கம் போய் நின்று, வண்டியின் உடம்பை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். மெல்லத் தட்டினால் ‘வரலாம், வரலாம்’. கட்டை நெருங்கியதும் ஓங்கி ஒரே தட்டு. அதற்கு ‘நில்’. அவரும் நின்றார். நின்றவர் கதவைத் திறந்து குதித்து, நான் தட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட பாதுகாப்பு ஆள் ஓடிவந்தார். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு விசாரணை நடந்தது.

“நீங்கள் ஏன் அவருடைய வாகனத்தை அடித்தீர்கள்?”

“அடிக்கவில்லை. உதவி செய்தேன்.”

“அவர் உங்களிடம் உதவி கேட்டாரா?”

கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆள் மிகவும் மரியாதையாக, இனிமேல் உங்கள் வண்டிக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாக வந்தது. கட்டையில் இடிக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று அன்று முழுக்கத் தமிழில் திட்டிக்கொண்டே ஓட்டினேன். திட்டியதைக் கேட்கவும் ஆள் இல்லை.

என்னுடைய பழைய லாரியில் கேட்க ஆள் இருந்தான். பெயர் சாலமோன். பொன்னேரி பக்கத்து ஆரணிக்காரன், என் வயதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு நானும் அவனும் ஒரே வண்டியில் கல்கத்தா வரை போய்வருவோம். நான் ஓட்டினால் அவன் தூங்குவான், அவன் ஓட்டினால் நான். பதினான்கு வருடம் அப்படி ஓடியது. என் மனைவி கோமதி என்னோடு பேசியதைவிட அவன் என்னோடு பேசியது அதிகம் என்று அவளே சொல்லிக் காட்டுவாள். அவன் குரல் அவனுடைய சர்ச்சில் பிரசித்தம். தடா தாண்டியதும் ஞானப்பாட்டை எடுத்தால் நெல்லூர் வரைக்கும் விட மாட்டான். ஒருமுறை நான் போதும் நிறுத்து என்று கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவனுக்கு மூக்குமேல் கோபம். நெல்லூரும் போனது, ஓங்கோலும் போனது, விஜயவாடாவும் போனது, வாயைத் திறக்கவில்லை. ராஜமுந்திரி தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கி, என்னைக் கேட்காமலேயே இரண்டு டீ சொன்னான். சமாதானம் ஆகிவிட்டது. சண்டை போடுவதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாழ்க்கை தங்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரும்பு மில் வாசலில் லோடுக்காக நாள்கணக்கில் கிடப்போம். பெட்ரோல் பங்குக் குழாயில் குளிப்போம். நேற்று மீசை முளைத்த வாட்ச்மேன் ‘டேய் டிரைவரு’ என்று கூப்பிடுவான். இங்கே போலீஸ்காரர் ‘குட் மார்னிங் டிரைவர்’ என்கிறார். குளிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்று வண்டியிலேயே டேகோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது. ஓய்வு எடு என்று அது சொன்னால் முதலாளியே நின்றாலும் ஓட்டச் சொல்ல முடியாது. உடம்புக்கு இந்த நாடு நல்ல நாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓய்வுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான சாலைகளில் லாரி ஓடக்கூடாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பார்க்கிங்கில் நூறு லாரி நிற்கும். நூறிலும் கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் போனில் தன் நாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மதியம் கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சாம்பார் கொதிக்கவிட்டேன். பக்கத்து வண்டி உக்ரைன்காரர் மூக்கைத் தூக்கினார். நம்மூர் புத்தி, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை, கடன்படப் பிடிக்கவில்லை. அன்று இரண்டு பேருக்கான சாம்பாரை நானே குடித்தேன்.

இந்த நிலையில்தான் சாலமோன் போனில் சொன்னான், அவனும் வரப்போகிறான் என்று. ஏஜென்டைப் பார்த்துவிட்டானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் போலந்துக் கம்பெனியில் நெடுந்தூர லோடுக்கு இரண்டு டிரைவர் போகும் வண்டிகள் கொஞ்சம் உண்டு. அதில் ஒன்றில் எங்களைச் சேர்த்துப் போட முடியுமா என்று, லோடு ஒதுக்கித் தரும் மோனிகா என்ற பெண்ணிடம் கேட்டேன்.

“அவர் உன் சகோதரனா?”

“இல்லை.”

“சொந்தக்காரரா?”

“இல்லை. ஒரே லாரியில் ஓட்டியவர்.”

“அப்புறம் எதற்கு மறுபடியும் ஒரே லாரி?”

“பேசிக்கொண்டு போகலாம்.”

“பேசுவதற்கு ப்ளூடூத் இருக்கிறதே” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே என் சிக்கலைத் தீர்த்துவைக்கப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றதும், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? தாலுகா ஆபீசிலிருந்து மில் ஆபீஸ் வரை அந்த வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். நடையைக் கட்டு என்பதை முகம் சுளிக்காமல் சொல்கிற வழி அது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போனேன். சாலமோனுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அங்கே இருக்கும் தனிமையை அவன் தாங்க மாட்டான் என்று விமானத்திலேயே வார்த்தைகளைக் கோர்த்து வைத்திருந்தேன். அத்திப்பட்டு பக்கம் ஒரு கிடங்கில் கம்பி இறக்க வேண்டும், ஒரு ரவுண்டு வா என்று அவன் கூப்பிட்டான். காலையில் நாஷ்டா முடித்துவிட்டு சிப்காட்டில் ஏறிக்கொண்டேன். வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான்.

“உன் ஜோடி டிரைவரு எங்க?” என்று கேட்டேன்.

“நீ போன அப்பறம் ஓனரு வேற ஆளு போடல மச்சான். ஜிபிஎஸ் போட்டாரு.”

“ஒரு கிளீனர் கூடவா இல்ல?”

“எந்தக் காலத்துல கீற நீ? கிளீனரு எல்லாம் இப்ப யாரு வெச்சிக்கினு கீறாங்க?”

“அப்ப கல்கத்தாவுக்கு?”

“தனியாத்தான் போய்க்கினு வர்றேன். தூக்கம் வந்தா வாய்வுட்டு ஜெபம் பண்ணிக்கினே போவேன். கர்த்தருக்கே பேஜாராப் போயிருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கவரைப்பேட்டை தாண்டியதும் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும், திரை போட்ட நூறு லாரி எப்படி இருக்கும் என்று ஆரம்பித்ததுமே அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“தனியா கீறத பத்தி எனுக்கு நீ பாடம் எடுக்காத. நீ அசலூர்ல தனியா கீற. ஊரு உட்டு வந்துட்டோம், அதான் இப்படின்னு மனசுக்குச் சொல்லிக்கலாம். நான் நம்ம ரோட்லயே தனியா போய்க்கினு கீறேன். நான் இன்னான்னு சொல்லிக்கறது?”

கிடங்கின் வாசலில் வாட்ச்மேன் வண்டியை மறித்தார். டிரைவர் மட்டும்தான் உள்ளே, கூட வந்த ஆள் இறங்க வேண்டும் என்றார்.

“இவரு ஃபாரின்ல ஓட்டற டிரைவரு சார்” என்றான் சாலமோன்.

“ஃபாரினா இருந்தா இன்னா? எறங்கு.”

இறங்கி எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கேட்டுக்கு உள்ளே சாலமோன் கழுத்தை வெளியே நீட்டி நீட்டி, கண்ணாடியைப் பார்த்துத் தானாகவே ரிவர்ஸ் எடுத்தான். பின்னால் போய் நிற்க யாருமில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாடு, அத்திப்பட்டு வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆரணியில் அவன் வீட்டில் சாப்பிட்டேன். அவன் மனைவி ஸ்டெல்லா மீன்குழம்பு ஊற்றிவிட்டு எதிரிலேயே நின்றாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டில போடுவாங்களா, மாட்டாங்களா? இவரு அதுக்காகத்தான் வர்றேன்றாரு. சம்பளத்துக்காக இல்ல.”

சாலமோன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். போடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வந்துவிடுவான். வந்த பிறகு தனித்தனி வண்டியாக இருந்தாலும் ஏதோ ஒரு பார்க்கிங்கில் மாதம் ஒருமுறை அவன் முகத்தைப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை அதுவே போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஸ்டெல்லா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“கேட்டுப் பாத்தேம்மா. மேல கேட்டுச் சொல்றேன்னாங்க.”

“அப்ப இல்லன்னு சொல்லுங்க” என்றாள் ஸ்டெல்லா.

“ஆமா. இல்லன்னுதான் அர்த்தம்.”

சாலமோன் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்று என்னை வற்புறுத்தினான். பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தான், பேருந்து வந்ததும் தோளைத் தட்டி ஏற்றிவிட்டான்.

நான் போலந்துக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. லாரியை விட்டுவிட்டானாம். ஆரணி, பொன்னேரி பக்கத்துப் பெண்களை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறானாம். சம்பளம் குறைவுதான், ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்றான். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த நேரம். பேச்சும் சிரிப்பும் டிபன்பாக்ஸ் சத்தமுமாகக் காது அடைத்தது.

“கேக்குதா மச்சான்? ஒரு நிமிஷம் வாய மூட மாட்டேன்றாங்க.”

“அண்ணே, போன வெச்சிட்டு வண்டிய எடுண்ணே, ஊட்ல கொழந்த கீது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

“கேட்டியா? இதான் தெனமும்” என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த வாரமே மோனிகாவிடமிருந்து செய்தி வந்தது. பிரான்சில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபடி படித்தேன். ‘உன் நண்பர் விஷயமாக மேலே கேட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஸ்பெயின் லோடுக்கு இரண்டு டிரைவர் வண்டி ஒன்று காலியாகிறது. உங்கள் இருவரையும் போடச் சம்மதித்துவிட்டார்கள். அவர் எப்போது வருகிறார்?’

அந்தப் பெண் நிஜமாகவே மேலே கேட்டிருக்கிறாள். சொன்னதைச் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வருடம் இந்த நாட்டுச் சாலையில் ஓட்டியும் என் காது மட்டும் கும்மிடிப்பூண்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. செய்தியை நாலைந்து முறை படித்தேன். சாலமோனின் எண்ணை எடுத்தேன். அந்த பஸ்ஸின் சத்தம் நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, அவர் வரவில்லை, உங்களுக்கு மிக்க நன்றி என்று மோனிகாவுக்கு எழுதினேன். சாலமோனிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லை.

வண்டியை எடுத்தேன். பக்கத்து சீட்டில் அரிசி மூட்டையும் என் கம்பளிச் சட்டையும் கிடந்தன. இந்த மூன்று வருடமாக அந்த சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது சாலமோனின் இடம் என்றே நினைத்து வந்திருக்கிறேன். ஆனால் இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், நம்மூரில் வலது பக்கம். பதினான்கு வருடம் நான் ஓட்டும்போது சாலமோன் எனக்கு இடது பக்கம்தான் இருந்தான். அவனுடைய இடத்தில் உட்கார்ந்துதான் நான் இந்த நாடெல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வலது பக்கம் காலியாக வருவது என்னுடைய சீட்.