லேப்ரடாரா, ஜெர்மன் ஷெப்பர்டா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும், இன்று நேராகப் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன். நாய்க்குட்டி பார்க்க.

மகளுக்கு லேப்ரடார்தான் வேண்டும். மனைவிக்கோ ஜெர்மன் ஷெப்பர்ட். போன மாதம் பக்கத்து வீட்டில் திருடு போனதிலிருந்து அவளுக்கு இதே பேச்சுதான்.

குட்டி விற்பவரிடமே கேட்டேன்.

"லேப்ரடார் யார் வந்தாலும் வாலாட்டும் சார். ஷெப்பர்ட் அப்படி இல்ல. புது ஆளு கிட்டயே வர முடியாது."

சரி, ஷெப்பர்ட்தான் என்று முடிவு செய்து, தாய் நாயைப் பார்க்கப் போனேன். அது என் கையை ஒரு முறை மோந்தது. அடுத்த நிமிடம் வாலை ஆட்டிக்கொண்டு நக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாங்க இது?" என்றேன்.

அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"நான் பத்து வருஷமா டேனரில தோல் பதப்படுத்தற வேலை பாக்கறேன் சார். உங்க கைலயும் அதே தோல் வாசனை. வீட்டு ஆளுன்னு நினைச்சிடுச்சு."

குட்டி வாங்காமலே திரும்பினேன். பஸ்ஸில் யோசித்தால் குழப்பம் இன்னும் ஜாஸ்தியாகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் டேனரி, மீதிப் பேர் ஷூ கம்பெனி.

ஆம்பூரில் திருடன் மட்டும் வேறு எங்கே வேலை பார்த்துவிட்டு வரப்போகிறான்?

எதை வாங்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.