பிரேக்கில் புகுந்த காற்று

இன்று ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. திண்டுக்கல் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு காதர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

“குழாய்க்குள்ள காத்து பூந்திருச்சும்மா. கூட வேலை பாக்குற பையன் ஒரு கல்யாணத்துக்கு வேடசந்தூர் போயிட்டான். நான் அடியில பார்க்கிறேன், நீங்க ஏறி மிதிங்க.”

மிதித்தேன்.

“மிதிச்சாச்சா?”

“மிதிச்சிட்டேன் பாய்.”

“அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க.”

நான் பதில் சொன்ன பிறகுதான் அவர் சக்கரத்தின் திருகாணியைத் திறப்பார். பிரேக் எண்ணெய் குமிழிகளோடு பாட்டிலில் இறங்கும்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் புத்தகங்களும்தான். எந்தப் புத்தகமும் என் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை.

நான்காவது சக்கரம் முடிந்தபோது பெடல் கல்லாக நின்றது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் அமுங்குது” என்றேன்.



“பாட்டில்ல ஒரு குமிழிகூட வரலையே... சரி, உங்க காலுக்குத்தான தெரியும். முதல்லருந்து பார்த்துருவோம்.”

பாவம், நான்கு சக்கரத்துக்கும் மறுபடி ஊர்ந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் ஓரமாக இருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இனிமே ரொம்ப நாளைக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல” என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தார்.

கார் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சரிசெய்ய இரண்டு பேர் தேவைப்படும் கோளாறு வேறு என்னென்ன உண்டு?