சிவப்புத் தேதிகளை அடித்தவர்

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மாதக் காலண்டர். புரட்டிப் பார்த்தேன். சிவப்பில் அச்சாகியிருந்த விடுமுறைத் தேதிகளை எல்லாம் நீல மையால் குறுக்கே அடித்திருந்தார்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி மூன்று மட்டும் தப்பியிருந்தன. அடித்தவர் எம்.பி. ஐயா. ராஜ்யசபாவில் உறுப்பினராக இருந்த அவருடைய கடிதங்களையும் உரைகளையும் தட்டச்சு செய்வதுதான் என் வேலை.

கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து மளிகை வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. பழைய கட்டுப்பாடுகளில் பிடிப்புள்ளவர். ராணுவத்துக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது, இலவசங்கள் மனிதனைச் சோம்பேறியாக்கும், குடும்பத்துக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பவை எந்த உரையிலும் திரும்பத் திரும்ப வரும். விடுமுறை பற்றிய அவருடைய எண்ணமும் அங்கிருந்து பிறந்ததுதான். "எந்த நாள்ல சாமி கும்பிடணும்னு சர்க்கார் எனக்குச் சொல்ல வேண்டியதில்லைங்க" என்பார். தேசத்துக்கு மூன்று விடுமுறை போதும், பண்டிகைக்கு அவரவர் சொந்த லீவை எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்கே பூஜையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேஜையில் உட்கார்ந்திருப்பார். நாங்களும் உட்கார்ந்திருப்போம். பிறரிடம் கேட்டதைத் தானும் செய்தார் என்பதால் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

விடுமுறைகளைக் குறைக்கச் சொல்லி அவர் ஒரு தனிநபர் தீர்மானம் தயாரித்தார். தோட்டத் தொழிலாளர்களின் பண்டிகை விடுமுறையும் அதில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை பிழையாகத் தட்டச்சு செய்து திருத்தினேன். என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். சிறு வயதில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். நான் அலுவலகத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன், ஊர் கேட்டால் குந்தாப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

தீர்மானத்தைக் கொண்டுபோவதற்கு முன் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றார் ஐயா. மேலாளர்களிடம் கேட்டால் போதும் என்று மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கிளம்பினோம். எந்த எஸ்டேட் என்பது பாதி வழியில்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சூர் தாண்டியதிலிருந்து கையிலிருந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஃபேக்டரி முன்னால், லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். ஐயா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். முன்வரிசையில் அம்மா இருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு பார்வையை நகர்த்திக்கொண்டாள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அவர் சொன்னதும் எழுந்தவள் அவள்தான்.

"ஐயா, எம் மக டவுன்ல ஆபீஸ் வேலை செய்யுது. தீபாவளி, பொங்கல்னா தான் வந்து எங்கூட உக்காந்து சோறு திங்கும். அந்த நாளையும் எடுத்துட்டா நான் அவள எப்பப் பாக்குறது?"

சொந்த லீவு எடுக்கலாமே என்று ஐயா ஆரம்பித்தார். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று அம்மா பணிவாகச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். நான் குனிந்து எழுதுவதுபோல நடித்தேன். பேனா தாளில் படவே இல்லை.

மறுநாள் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். மூன்று பக்கம். படித்து முடித்து முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"அந்த அம்மா கேட்டது எங்கீங்க?"

சரியாகக் காதில் விழவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, அம்மாவின் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். "திங்கும்" என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை. நான் எழுதிக்கொண்டேன். அவள் என் அம்மா என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. சொல்லவில்லை.

தீர்மானம் அவையில் பேசப்பட்டு, வாக்கெடுப்புக்கு வராமலே முடிந்தது. அவருடைய பதவிக்காலமும் முடிந்தது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். சென்ற வருடம் அவர் காலமானார். துக்கத்துக்குப் போனபோது அவருடைய உரைகளைத் தொகுத்த சிறு புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். பஸ்ஸிலேயே பிரித்துத் தேடினேன். விடுமுறைத் தீர்மானத்தின் மீது அவர் பேசிய உரையில் அம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, "இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டையும் அவை அறிய வேண்டும்" என்று இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் இன்றும் ஒப்புக்கொள்ளாத கருத்து அது. ஆனால் தன்னை எதிர்த்த சொல்லை அவர் காப்பாற்றினார். எனக்காகப் பேசிய சொல்லை நான் மறைத்தேன்.

போன பொங்கலுக்கு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இடுப்பு வலியால் அவள் வேலையை விட்டுச் சில வருடங்களாகின்றன. கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்தது.

"நீ எழுதிக் குடுத்ததுதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. நான் விட்டுவிட்டேன், அவர்தான் நினைவு வைத்துச் சொன்னார் என்றேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கித் தேயிலைச் சரிவை மறைத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நானும் ஒன்னத் தெரியாத மாதிரிதான் நின்னேன்" என்றாள். "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு."

பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, எந்த இடம் என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன்.