புருவத்து மாவு

கண்காட்சிக்கான படத்தின் மாதிரிப் பிரிண்ட் சேலம் லேபிலிருந்து வந்திருந்தது. தடவிப் பார்த்தேன். பருத்திக் காகிதம் கிழங்குமாவு போல விரலில் நெருடியது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை பார்த்த அம்மாவின் கை அப்படித்தான் இருக்கும்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஷிஃப்ட் முடிந்த கையோடு அம்மா என்னை ராசிபுரத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். சேலையில் புளித்த மாவு வாசனை, புருவமெல்லாம் வெள்ளை. ஸ்டுடியோக்காரர் முகம் கழுவச் சொன்னார். "இப்படியே எடுங்க" என்றாள்.

படம் வாங்கப் போனால், அவர் புருவத்துக்கு மை தீட்டி வைத்திருந்தார்.

"இது யாருங்க?"

"நீங்கதானுங்க. வெள்ளையைச் சரி பண்ணிட்டேன்."

"அது மாவுங்க. மாவோட போட்டுக் குடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். வேறு பிரிண்ட் கைக்கு வந்த பிறகுதான் எழுந்தாள்.

அந்தப் படத்தைத்தான் இப்போது பெரிதாக்கக் கொடுத்திருந்தேன். மாதிரியில் அம்மாவின் புருவம் கன்னங்கறுப்பாக இருந்தது. லேபுக்குப் போன் செய்தேன்.

"பழைய படமுங்க மேடம், புருவத்துல ஒரே தூசி. க்ளீன் பண்ணிட்டேன்" என்றார்.

"அது மாவுங்க" என்றேன். "மாவோட போடுங்க. நான் வந்து உக்காந்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.