எல்லைக்கல்லில் நின்ற சம்பந்தி வண்டி

வருஷம் 1955 அல்லது 56. மைசூர் ராஜ்ஜியம் இன்னும் பெரிதாகாத காலம், ஆகவே 56 நவம்பருக்கு முந்தியது என்பது நிச்சயம். மாதம் வைகாசி. எங்கள் சேலம் ஜில்லாவில் 1937இலேயே மதுவிலக்கு வந்துவிட்டது. ஓசூரைத் தாண்டி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போனால் சாராயக்கடை பகலிலேயே திறந்திருக்கும். இங்கே குடித்தாலும் குற்றம், குடித்த நிலையில் அகப்பட்டாலும் குற்றம். அதனால் அங்கே குடித்துவிட்டு வருகிறவர்கள் வாடை போகும்வரை மைசூர் பக்கத்துப் புளியமரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள்.

என் தங்கைக்கு மாப்பிள்ளை அந்தப் பக்கத்து ஊர். மறுநாள் காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரை எல்லையிலிருந்து அழைத்துவர அப்பா என்னை அனுப்பினார். சாயங்காலம் மூன்று மாட்டுவண்டிகள் வந்தன. முதல் வண்டியில் மாப்பிள்ளையின் அப்பா. என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்போடு வாடையும் வந்தது.

கல்லுக்கு இந்தப் பக்கம் ஏட்டு ஒருவர் பீடி குடித்தபடி நின்றிருந்தார். பீடிக்கு இரண்டு பக்கமும் தடையில்லை.

"பெரியவரே, அங்க குடிச்சது உங்க பாடு. இந்த வாசத்தோட கல்லைத் தாண்டினா ஸ்டேஷனுக்குத்தான்."

"எங்க ஊர்க் கடையில காசு கொடுத்துக் குடிச்சேன். வயித்துக்கும் சுங்கமா?" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

பின் வண்டியில் பெண்கள் சிரித்தார்கள். "மாமா, மூச்சை அடக்கிக்கிட்டுப் போங்க!" என்று ஒருத்தி கத்தினாள். அது அவருக்கு உறைத்துவிட்டது.

"ஓட்டுடா" என்று வண்டிக்காரனை அதட்டினார்.

ஏட்டு பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பெற்றவர் ஸ்டேஷனில் இருந்தால் மாப்பிள்ளை மணையில் உட்கார மாட்டான். பாய்ந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன்.

"வேண்டாம் மாமா. அந்த மரத்தடியில கொஞ்சம் உட்காருங்க. தெளிஞ்சதும் போகலாம்."

"குடிகாரங்க உருளுற இடத்துலயா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "போலீஸ்காரன் இன்னும் என்னைத் தொடலை. பொண்ணு வீட்டுக்காரன் நீ தடுத்துட்ட."

கயிற்றை நான் விடவில்லை. விட்டால் வண்டி கல்லைத் தாண்டிவிடும்.

"வண்டியைத் திருப்பு."

வண்டிக்காரனிடம் அவர் அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் திரும்பின. கடைசி வண்டியில் இருந்த மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை.

"கேஸ் இல்லை, போங்க தம்பி" என்று ஏட்டு இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.

ஊர் வரை நடந்தேன். வண்டிகள் பின்னால் வருவதாக நினைத்திருப்பார்கள். தூரத்தில் என்னைக் கண்டதுமே பந்தலில் மேளம் கொட்டத் தொடங்கினார்கள்.