எடுக்காமல் விட்ட ராணி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் பெட்டி சிக்கிக்கொண்டு முக்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிடுவான். என் பிள்ளைகள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ராணி மாமா.

காரணம் எங்கள் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் என் வீட்டில்தான் ஆடுவார்கள். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே அண்ணன் குதிரையை எடுத்துப்போய், பின்னால் நிற்கும் ராணியைத் திறந்துவிடுவார். தம்பி மந்திரியை விட்டு லபக்கென்று தூக்குவான். உடனே ஒரு செக், அப்புறம் இன்னொரு குதிரை, ராஜா காலி.

"ராணி என் கையில இருக்கு, நான் எப்படிக்கா தோத்தேன்?"

"ஓசின்னா உனக்குக் கை சும்மா இருக்காதே!" என்பேன். எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

அண்ணனிடம் கேட்க மாட்டான். அவருடைய அச்சகத்தில் வேலை பார்த்தபோது, வாடிக்கையாளர் முன்னால் திட்டு வாங்கிய அன்றே பேச்சை நிறுத்திவிட்டான். இவன் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டன். ஆட வருவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு சுவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

போன ஞாயிறும் அண்ணன் ராணியை விட்டார். இந்த முறை பலகையில் அவருக்கு இடது ஓரத்தில், தம்பியின் மந்திரி பாயும் வழியில். சூடு கண்ட பூனை கை நீட்டவில்லை. அண்ணனின் குதிரைகளைப் பார்த்தான். இரண்டும் இடத்தைவிட்டே கிளம்பவில்லை. செக் வைக்கவும் ஆளில்லை. பொறி எங்கே இருக்கிறது என்று புரியாமல் ஒரு சிப்பாயைத் தள்ளினான். அண்ணனும் ஒரு சிப்பாயைத் தள்ளினார். ராணி அங்கேயே நின்றது. தம்பி என்னைப் பார்த்தான். நானும் திருதிருவென்று விழித்தேன்.

அண்ணன் டீக்குக் கை நீட்டினார். அவருக்கு இடது பக்கம் இருந்த கிளாஸ் அகப்படாமல், கை மேசையைத் தடவியது.

"அண்ணா," என்றான் தம்பி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உன் ராணி எங்க நிக்குது?"

அண்ணன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். "இங்கதான் எங்கயோ..."

"என் மந்திரிக்கு வாகா நிக்குது. தெரிஞ்சே விட்டியா?"

"தெரிஞ்சா விடுவேனாடா?"

அச்சகத்தில் கட்டுக் கட்டாகக் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்பவர் அண்ணன்தான். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா கட்டிங் மெஷின்ல நிக்கிற? நாளையிலேருந்து நான் நிக்கிறேன். நீ முதல்ல டாக்டர்கிட்ட வா. ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டடா சொல்ல?" என்றார் அண்ணன். "நீதான் பேச மாட்டேங்கிறியே."

ஆட்டத்தில் தோற்றால் ஆயிரம் கேள்வி கேட்பவன், அந்த டீ கிளாஸை எடுத்து அண்ணனின் வலது கையில் வைத்தான்.